வளர்ந்த குழந்தையைத் தத்தெடுக்க இந்தியா வருகிறீர்களா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நானும் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள், இருவரிடமும் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) உண்டு. டெக்சஸில் இருக்கிறோம். அவருக்கு 48, எனக்கு 45. பன்னிரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஆறேழு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க ஆசை. கோடை விடுமுறையில் ஊருக்கு வரும்போது நேரே ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பேசலாமா?

போகாதீர்கள். எந்த இல்லமும் தானாகக் குழந்தையைக் காட்டவோ கொடுக்கவோ முடியாது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் வழிக்கு வெளியே நடக்கும் தத்தெடுப்புக்குச் சிறைத் தண்டனை உண்டு. அதைவிட முக்கியம், அப்படி வாங்கிய குழந்தைக்கு விசா கிடைக்காமல் போய்விடும்.

உங்கள் வேலை டெக்சஸிலேயே தொடங்குகிறது. இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், அதாவது ‘காரா’, அங்கீகரித்த அமெரிக்க ஏஜென்சி ஒன்றைப் பிடியுங்கள். அவர்கள்தான் உங்கள் பெயரை காராவின் இணையதளத்தில் பதிவேற்றுவார்கள். வயதுக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. தம்பதியின் கூட்டு வயது 100-க்குள் இருந்தால் 4 முதல் 8 வயது வரையிலான குழந்தைக்குத் தகுதி. 8-க்கு மேல் என்றால் 110 வரை போகலாம். உங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 93. பதிவு செய்யும் நாளின் வயதே கணக்கு. நாடுவிட்டு நாடு தத்துக்கொடுப்பதில் ஓசிஐ வைத்திருப்பவர்களுக்குச் சட்டமே முன்னுரிமை தருகிறது.

வழக்கமாகத் தவறு நடப்பது, உங்கள் குடும்பத்தையும் வீட்டையும் ஆராய்ந்து எழுதப்படும் ‘ஹோம் ஸ்டடி’ அறிக்கையில். பலர் ‘0 முதல் 5 வயது வரை, ஒரு குழந்தை’ என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஏழு வயதுக் குழந்தையின் கோப்பு வருகிறது. நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று அமெரிக்கக் குடிவரவுத் துறை தரும் ஐ-800ஏ அனுமதி அந்த அறிக்கையை ஒட்டியே இருப்பதால், அறிக்கையைத் திருத்தி, அனுமதியையும் திருத்த வேண்டிவரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். உங்கள் மனம் உண்மையிலேயே எதற்குத் தயாரோ அதை முதலிலேயே அகலமாக எழுதச் சொல்லுங்கள். அக்கா-தங்கையாக இருவர் வந்தால் ஏற்பீர்கள் என்றால் ‘இரண்டு குழந்தைகள் வரை’ என்று இருக்க வேண்டும். குடிவரவுத் துறையிடம் கொடுக்கும்போது அறிக்கை ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அனுமதிக்கு 15 மாத ஆயுள். அதற்குள் வேலை முடியாவிட்டால் நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய பெயர்ச் சிக்கல். திருமணச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’, பட்டச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. ஒவ்வொரு மேசையிலும் இதற்கு ஒரு கேள்வி வரும். எல்லாம் ஒரே நபர்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி போட்டு, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிக் கோப்பில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். குழந்தைக்கு வைக்கும் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலும் தத்து ஆணை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

கேள்வி: ஒடிசாவிலிருந்து எட்டு வயதுச் சிறுமியின் கோப்பு வந்திருக்கிறது. குழந்தை ஆய்வறிக்கை நாலே பக்கம். இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?

96 மணி நேரத்துக்குள் குழந்தையை உங்கள் பெயரில் ஒதுக்கி வையுங்கள். அதன்பின் கையெழுத்திட்டு ஏற்க 30 நாள் இருக்கிறது. அந்த முப்பது நாளைக் கேள்வி கேட்கவே பயன்படுத்துங்கள். ஏற்பதற்கு முன் நேரில் வந்து பார்க்கவும் விதி இடம் தருகிறது. முடிந்தால் ஒருவராவது வந்துவிடுங்கள்.

ஏஜென்சி வழியாக இல்லத்திடம் கேளுங்கள்: இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தாள்? இதுவரை எத்தனை இடம் மாறினாள்? அம்மாவை நினைவிருக்கிறதா? வேறு எங்காவது உடன்பிறந்தவர் உண்டா? இல்லத்தில் அவள் யாரிடம் ஓடிப்போவாள்? இரவில் படுக்கை நனைகிறதா? முன்பு யாராவது ஏற்க முன்வந்து விலகினார்களா, ஏன்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஒருமுறை கைவிடப்பட்ட நம்பிக்கையோடு வரும் குழந்தைக்கு உங்கள் முதல் மாதம் வேறு விதமாக இருக்கும், அதனால் கட்டாயம் கேளுங்கள்.

மருத்துவ அறிக்கையில் ஒற்றை எடை, உயரம் போதாது. இல்லத்தில் சேர்ந்த நாள் முதல் எடுத்த எல்லா அளவுகளையும் வாங்கி ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அளவுகளை இணைக்கும் கோடு மேலே ஏறுகிறதா என்பதே அவர் பார்ப்பது. ஒடிசாவில் அரிவாள் செல் நோய் பரவலாக இருப்பதால், ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி முடிவுகளும் வேண்டும். பிறந்த தேதியைப் பற்றியும் ஒன்று: பெற்றோர் விவரம் தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் வயது மதிப்பீடாகத்தான் இருக்கும். ஓராண்டு முன்பின் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பள்ளி வகுப்பை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் விடுப்பு எடுப்பது? விமான டிக்கெட் எப்போது போடலாம்?

நீங்கள் ஏற்ற பிறகு அமெரிக்கத் தரப்பில் ஐ-800 (அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்கான மனு) தற்காலிக ஒப்புதல் வர வேண்டும். அதன் பின்னர் காராவின் தடையில்லாச் சான்று, அதற்கும் பிறகு மாவட்ட ஆட்சியரிடம் மனு. 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆட்சியரே தத்து ஆணை பிறப்பிக்கிறார். மனுவை முடிக்க இரண்டு மாதம் கெடு. ஆணை வந்ததும், நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைப்படி காரா தரும் இணக்கச் சான்று, புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட். அமெரிக்க விசா வேலை தில்லித் தூதரகத்தில்தான் நடக்கும், எனவே குழந்தை எந்த மாநிலத்தில் இருந்தாலும் தில்லிப் பயணம் உண்டு.

தடையில்லாச் சான்று வந்ததும், ஆணைக்குக் காத்திருக்கும் காலத்தில் குழந்தையை இந்தியாவுக்குள்ளேயே உங்களோடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தால் இதையே பரிந்துரைப்போம். வளர்ந்த குழந்தை தனக்குத் தெரிந்த வெயிலிலும் சோற்றிலும் உங்களோடு சில வாரம் பழகிவிட்டு விமானம் ஏறுவது எவ்வளவோ மேல்.

திட்டத்தைக் கவிழ்ப்பது காசநோய்ப் பரிசோதனை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு விசா மருத்துவத்தில் ‘இக்ரா’ என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதில் பாசிட்டிவ் வந்தால் மார்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் சந்தேகம் எழுந்தால் மூன்று நாள் சளி மாதிரி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் வைப்பார்கள். முடிவுக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். டிக்கெட் போட்டுவிட்டுத் தில்லியில் இதைத் தெரிந்துகொள்வது பெரிய வேதனை. அதனால் ஏற்றவுடனேயே இல்லத்தின் மருத்துவர் மூலம் இக்ரா எடுக்கச் சொல்லுங்கள். சிறு வயதில் போட்ட பிசிஜி ஊசி, தோலில் போடும் மாண்டூ சோதனையைக் குழப்பும்; இக்ராவைக் குழப்பாது. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையே வாங்குங்கள்.

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 13 வயது. தத்துப் பத்திரம் பதிவு செய்து அமெரிக்காவுக்கு அழைத்துப் போகலாமா?

பத்திரத்தை முதலில் பதிவு செய்யாதீர்கள். ஐ-800 ஒப்புதலுக்கு முன்பே தத்து முடிந்துவிட்டால் ஹேக் வழி விசா அடைபடும். காரா வழியாக உறவினர் தத்தெடுப்பாக விண்ணப்பியுங்கள். 16 வயது நிரம்புவதற்குள் ஐ-800 தாக்கலாக வேண்டும், எனவே இப்போதே தொடங்குங்கள். அண்ணன் நல்லபடி இருக்கிறார், படிப்புக்காக மட்டும்தான் இந்த ஏற்பாடு என்றால் தத்து அதற்கு வழியல்ல. பையனின் விருப்பத்தையும் அதிகாரி கேட்பார்.

கேள்வி: அடுத்த மாதம் புனேயிலிருந்து ஏழு வயது மகளை அழைத்து வரப் போகிறோம். எங்களுக்கு மராத்தி தெரியாது. முதல் நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

போவதற்கு முன்பே ஒரு புகைப்பட ஆல்பம் அனுப்பி வையுங்கள். வீட்டு வாசல், அவள் படுக்கப் போகும் கட்டில், குளியலறை, காரில் அவள் உட்காரும் இடம், பள்ளி வாசல், வீட்டில் உள்ள ஒவ்வொருவர் முகம். படத்துக்குக் கீழே மராத்தியில் ஒரு வரி. அதை யாராவது அவளோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லி ஏஜென்சியிடம் வற்புறுத்துங்கள். ‘டூர் போகிறோம்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட குழந்தை, திரும்பிப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்.

மராத்தியில் ஐம்பது சொல் போதும்: பசி, வலி, பயம், சிறுநீர், தூக்கம், நாளைக்கு, நானும் வருகிறேன். கிளம்பும் நாளில் அவளுடைய தோழிகள், சமையல்கார அம்மா, தூங்கிய இடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பராமரித்த அக்காவின் குரலை போனில் பதிவு செய்யுங்கள். அவள் தலையணை உறையைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள். புது உடை, பொம்மை எல்லாவற்றையும்விட அந்த வாசனை முதல் இரவில் உதவும்.

தலையணைக்கு அடியில் சப்பாத்தியோ பிஸ்கட்டோ ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள், எடுத்தும் போடாதீர்கள். அவள் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு டப்பாவைக் கொடுத்து, தினமும் இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். இரவு விளக்கு எரியட்டும். முதல் ஒரு மாதம் உறவினர் கூட்டம், வரவேற்பு விருந்து எதுவும் வேண்டாம். சாப்பாடு கொடுப்பதும் குளிக்க வைப்பதும் நீங்கள் இருவர் மட்டுமே. பெயரை மாற்றாதீர்கள். ஏழு வயதில் அவளிடம் சொந்தமென்று இருப்பது அந்தப் பெயர்தான்.

முதல் சில வாரம் மிகச் சமர்த்தாக இருந்துவிட்டு, பிறகு திடீரென்று கத்தி, உடைத்து, ‘என்னைத் திருப்பி அனுப்பு’ என்று அழுவது பல வீடுகளில் நடப்பது. உங்களை நம்பலாமா என்று பார்க்கிறாள். அப்போது ‘அனுப்பிவிடுவேன்’ என்ற பேச்சு கோபத்தில்கூட வாயில் வரக்கூடாது. தத்துக் குழந்தைகளோடு பழகிய ஆலோசகர் ஒருவரை ஊருக்குப் போகும் முன்பே பார்த்துப் பேசி வையுங்கள். ஏஜென்சியும் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து காராவுக்கு அறிக்கை அனுப்பும். அவர்கள் வரும் நாளில் வீட்டை அடுக்கி வைத்து எல்லாம் சுகம் என்று சொல்லி அனுப்பாமல், தூங்காத இரவுகளைச் சொல்லி உதவி கேளுங்கள்.