பாய்லர் நின்றுபோகும்வரை காத்திருக்க வேண்டாம்

லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய, ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய செமி வீட்டில் இருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் காம்பி பாய்லருக்கு 14 வயது. கதவைத் தட்டிய ஒருவர், காஸ் பாய்லரை அரசாங்கம் தடை செய்யப் போகிறது, இப்போதே ஹீட் பம்ப் போட்டால் 7,500 பவுண்டு தருவார்கள் என்றார். உண்மையா? பில் குறையுமா, கூடுமா? மாமியார் எங்களோடு இருக்கிறார், குளிர் தாங்கமாட்டார்."

தடை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஏற்கெனவே இருக்கிற வீட்டில், பழுதான காஸ் பாய்லரை எடுத்துவிட்டு இன்னொரு காஸ் பாய்லர் வைக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 2035க்குப் பிறகு நிறுத்திவிடலாம் என்ற திட்டம் இருந்தது, 2023 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அதைத் தளர்த்தினார், அடுத்து வந்த லேபர் அரசும் அப்படி ஒரு தடையைக் கொண்டுவரவில்லை. பயம் காட்டி விற்கிறவரிடம் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் 7,500 பவுண்டு உண்மை. ஹீட் பம்ப் என்பது காஸ் எரிக்காமல், வெளிக்காற்றில் உள்ள சூட்டை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி. பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்ற அந்தத் திட்டம் 2022 மே மாதம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வந்தது. முதலில் காற்றிலிருந்து சூடெடுக்கும் பம்புக்கு 5,000 பவுண்டுதான், 2023 அக்டோபரில் 7,500 ஆக்கினார்கள். ஸ்காட்லாந்தில் இருக்கும் உறவினர் கேட்டால், அங்கே வேறு திட்டம் என்று சொல்லுங்கள். பணம் உங்கள் கைக்கு வராது. எம்சிஎஸ் என்ற தரச் சான்று பெற்ற நிறுவனம் உங்கள் சார்பில், மின்சாரம், காஸ் துறையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெமிடம் விண்ணப்பித்து, அந்தத் தொகையைக் கழித்துத்தான் உங்களுக்குப் பில் போடும். பொருத்தி முடிக்கப் பொதுவாகப் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் பவுண்டுவரை ஆகும், மீதி உங்கள் பொறுப்பு. காஸ் பாய்லரையும் வைத்துக்கொண்டு கூடவே பம்பும் போடுகிற இரட்டை ஏற்பாட்டுக்கு இந்த மானியம் கிடையாது.

பில்லுக்கு வருவோம், குழப்பமே இங்கேதான். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கி மூன்று, நன்றாக அமைந்தால் நான்கு யூனிட் சூடு தரும், ஆனால் பிரிட்டனில் மின்சாரம் காஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. வருஷத்துக்கு 12,000 யூனிட் காஸ் எரிக்கிறீர்கள், யூனிட் 6 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 720 பவுண்டு, மேலே, காஸ் இணைப்பு வைத்திருப்பதற்கே கட்டும் ஸ்டாண்டிங் சார்ஜ் ஒரு 110. பாய்லரில் 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் வீட்டுக்குக் கிடைக்கும் சூடு 10,200 யூனிட், அதை மூன்று மடங்கு தரும் பம்ப் கொடுக்க 3,400 யூனிட் மின்சாரம் வேண்டும், 25 பென்ஸ் வீதம் 850 பவுண்டு. நான்கு மடங்கு கிடைத்தால் 640க்குள் முடிந்துவிடும். இலாபமா நட்டமா என்பதை மானியம் தீர்மானிப்பதில்லை, அந்த மூன்றா நான்கா என்பதுதான் தீர்மானிக்கிறது, அது உங்கள் வீட்டு ரேடியேட்டரிலும் பொருத்துகிறவரின் கணக்கிலும் இருக்கிறது.

ஹீட் பம்ப், ரேடியேட்டருக்குப் பாய்லரைவிடக் குறைந்த சூட்டில் தண்ணீரை அனுப்பும்போதுதான் சிக்கனமாக ஓடும். அந்தச் சூடு உங்கள் வீட்டுக்குப் போதுமா என்பதை நீங்களே செலவில்லாமல் சோதிக்கலாம். காம்பி பாய்லர் முகப்பில் குழாய்ப் படம் ஒன்று, ரேடியேட்டர் படம் ஒன்று என இரண்டு அமைப்பு இருக்கும். ரேடியேட்டர் அமைப்பை மட்டும் 50 டிகிரிக்கு இறக்குங்கள், வெளியே நல்ல குளிர் அடிக்கிற நாளில், ஹீட்டிங்கைக் காலை ஒரு மணிநேரம் மாலை ஒரு மணிநேரம் என்று போடாமல் நாள் முழுக்க ஓடவிடுங்கள். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம், மாமியார் அறையில் ஒரு வெப்பமானியை வையுங்கள். 20, 21 டிகிரியில் நின்றால் உங்கள் வீடு பெருமளவு தயார். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் வயதானவருக்கு இந்த நிதானமான சூடு, கொதித்து அணைகிற ஹீட்டிங்கைவிட நல்லது என்றே நினைக்கிறேன். ஓர் அறை மட்டும் ஏறவில்லையா, அங்கே பெரிய ரேடியேட்டர் போட்டால் போதும். எந்த அறையுமே ஏறவில்லை என்றால் சூடு வெளியேறாமல் கூரைக்கடிப் பரணிலும் சுவரிலும் போடும் காப்பை முதலில் பாருங்கள், பம்ப் பிறகு.

அப்புறம், இடம். காம்பி பாய்லர் வெந்நீரை அவ்வப்போது சுடவைத்துத் தருவதால் அதற்கு வெந்நீர்த் தொட்டி இல்லை, ஹீட் பம்புக்குப் பொதுவாக வேண்டும். அலமாரி அளவு இடம் எங்கே ஒதுக்குவீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். வெளியே வைக்கும் பெட்டி பக்கத்து எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள், சத்தத்துக்கு மட்டும் வரம்பு இருக்கிறது.

நம் வீடுகளில் யாரும் கணக்கில் எடுக்காதது அடுப்பு. சமையலுக்குக் காஸை வைத்துக்கொண்டால் நான் மேலே சேர்த்த அந்த 110 பவுண்டு மிச்சமாகாது. இண்டக்‌ஷனுக்கு மாறினால் அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. அந்தச் செலவையும் சேர்த்தே பாருங்கள்.

14 வயசு பாய்லர் ஜனவரியில் நின்றால் என்ன ஆகும் தெரியுமா? மறுநாளே ஆள் வந்து இன்னொரு காஸ் பாய்லர் மாட்டிவிடுவார், அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு அதுதான். ஹீட் பம்புக்கு அளவெடுப்பு, விண்ணப்பம், வேலை என்று வாரக்கணக்கில் ஆகும், குளிரில் மாமியாரை வைத்துக்கொண்டு அது நடக்காது. அதனால் பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று எம்சிஎஸ் நிறுவனங்களைக் கூப்பிடுங்கள், பெயரை எம்சிஎஸ் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டுக் காகிதத்தில் தராதவரை விட்டுவிடுங்கள். மானியத்துக்கான வவுச்சர் வந்தபின் மூன்று மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும், எனவே கோடையிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.