பதில்: இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை

கோபி நண்பருக்கு வணக்கமுங்க. மூன்று மாதக் கர்ப்பிணி மனைவிக்கு இரும்பு மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை, 'பிளட்' என்ற ரத்தவியல் மருத்துவ இதழில் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) கட்டுரை ஒன்றுக்குக் காசு கேட்கிறது, கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கட்ட வேண்டாம். 1946-லிருந்து வரும் நல்ல இதழ்தான், வல்லுநர்கள் சரிபார்த்துத்தான் அச்சேறும். ஆனால் மருத்துவர்களுக்காக எழுதுவது. ஆசை விடவில்லை என்றால், ஓராண்டு கடந்த கட்டுரைகள் அங்கே இலவசம்.

விஷயம் நீங்கள் போட்ட ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 64; சிவப்பணு எண்ணிக்கை 5.6 (மில்லியனில்). முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 11.4. இது 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரை, அதாவது பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த லேசான வகையை, சந்தேகிப்பார்கள். சந்தேகம் மட்டும்தான். ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) ஹெச்பிஏ2-வும் (ஹீமோகுளோபினில் ஒரு வகை) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் அநேகமாக அதுதான். இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் ஏ2 கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதனால்தான் இரண்டும். என் தங்கைக்கும் இதே கதை. மஞ்சள்தூள் டப்பா பக்கத்தில் காலி மாத்திரை அட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள், அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தே ஓய்ந்துபோனார்.

அப்புறம், நீங்களும் இந்த வாரமே இதே ரத்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். இருவருக்கும் மைனர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு மேஜர் எனும் கடுமையான வகை வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீங்க.