கனடாவில் முதல் சில வாரங்கள்: "மாமா எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்றால் நாங்கள் என்ன செய்வது?

கேட்டவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறார். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறார். அந்த நகரத்தின் ஸ்காபரோ பகுதியில் இருக்கும் மாமா "வந்து இறங்குங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்கிறாராம். அப்படியானால் முதல் சில வாரங்களில் தாங்களாகச் செய்ய ஏதாவது இருக்கிறதா என்பது கேள்வி.

நான் இப்போது நல்லூர்த் திருவிழாவுக்காகக் கோண்டாவிலில் அம்மா வீட்டில் நிற்கிறேன். ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்காரர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிற நாங்கள் எல்லோரும் வடிவான பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகிறோம், அதனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

மாமா உண்மையாகவே பார்ப்பார். விமான நிலையத்துக்கு வான் கொண்டு வருவார், புட்டும் கறியும் ஆயத்தமாக இருக்கும், பேஸ்மென்ட்டில் மெத்தை விரித்திருக்கும். எங்களுக்கு இதையெல்லாம் செய்தவர் என் கணவரின் அக்கா. 2018 தை மாதத்தில் போய் இறங்கிய எங்களுக்கு மச்சாளின் வீடு இல்லையென்றால் பெரும்பாடாகப் போயிருக்கும். ஆனால் தங்க இடத்தையும் சாப்பாட்டையும் வாங்குவது போல யோசனையையும் அப்படியே வாங்கிவிடாதீர்கள். அதை ஒவ்வொன்றாக விசாரித்து வாங்குங்கள்.

ஏன் என்றால், மாமா போன கனடா வேறு. 1983 கலவரத்துக்குப் பிறகு போன தலைமுறை அகதிகளாகப் போனது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்குத் தலையில் கூட்டிப்போன ஏஜென்சிக்குக் கொடுத்த காசின் கடன், ஊரில் அம்மா அப்பா, அகதி வழக்கு முடியும்வரை நிச்சயமில்லாத வாழ்க்கை. "எந்த வேலை எண்டாலும் முதல் கிழமையே போ" என்பது அவர்களுக்குச் சரியான புத்தி. கோப்பை கழுவித்தான் அந்த வீடுகளைக் கட்டினார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

நீங்கள் குடும்பமாக, முதல் நாளிலிருந்தே உரிமையோடு இறங்குகிறீர்கள். இறங்கிய மூன்றாம் நாள் மாமா பிடித்துத் தருகிற வெயர்ஹவுஸ் இரவு வேலைக்கு நீங்கள் போய்விட்டால், பகலில் நீங்கள் தூங்குவீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊசி, கார்டுகள், வீடு பார்ப்பது எல்லாம் உங்கள் மனைவியின் தலையில் விழும். பஸ் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாத ஊரில், அதுவும் குளிரில். என் கருத்து, குறைந்தது இரண்டு மூன்று கிழமை வேலைப் பேச்சை ஒதுக்கி வையுங்கள். கையிருப்புக் காசைக் காட்டித்தான் பலருக்கு விசா கிடைக்கிறது. அந்தக் காசு இந்தக் கிழமைகளுக்குத்தான்.

முதலில் எடுக்க வேண்டியது சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம். ஒன்பது இலக்கம், சேர்விஸ் கனடா என்ற அரசாங்க அலுவலகத்துக்கு நேரில் போனால் அன்றைக்கே தருவார்கள், காசு இல்லை. அது இல்லாமல் வேலையும் இல்லை, பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவும் இல்லை. அந்தச் சைல்ட் பெனிபிட்டுக்குப் புதிதாக வருபவர்கள் ஆர்சி 66 என்ற படிவத்தோடு, வருவதற்கு முன்னைய வருமானத்தைச் சொல்லும் இணைப்பையும் நிரப்ப வேண்டும். இணைப்பை விட்டுவிட்டுத் தாமதமாக்கியவர்கள் பலர். பிறகு வருமானமே இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் வரிப் படிவம் போட வேண்டும், இல்லையென்றால் கொடுப்பனவு நின்றுவிடும்.

ஓஹிப் என்கிற சுகாதார அட்டை பற்றி மாமா "மூண்டு மாசம் பொறுக்கோணும்" என்பார். நாங்கள் போனபோது அப்படித்தான், இடைக்காலத்துக்குத் தனியாகக் காப்புறுதி வாங்கினோம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2020 மார்ச்சில் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். வதிவிட முகவரிக்கு ஓர் ஆதாரம் வேண்டும், வங்கிக் கணக்கு திறக்கும்போதே முகவரியோடு கூற்று தபாலில் வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும் இந்த அட்டை உதவாது. பல் வைத்தியம் ஏதும் பாக்கி இருந்தால் யாழ்ப்பாணத்திலேயே முடித்துவிட்டுப் போங்கள். இதை எல்லோருக்கும் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

இன்னும் சில விஷயங்கள் ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை. பிள்ளைகளின் தடுப்பூசி பதியும் கிளினிக் கொப்பி கைப்பையில் இருக்கட்டும். ஒன்ராறியோவில் தடுப்பூசிப் பதிவு இல்லையென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வைக்கவும் சட்டம் இருக்கிறது. 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பான் ஊசியும் கேட்பார்கள். அது இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லாதது, ஆகவே உங்கள் கொப்பியில் இருக்காது. பயப்பட ஒன்றுமில்லை, போட்டுக்கொள்ளலாம், ஆனால் "எங்கட பிள்ளையளுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று வாக்குவாதப்படாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ் மாவட்டச் செயலகத்திலேயே வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் இருந்தால், எத்தனை வருடம் வைத்திருக்கிறீர்கள் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுங்கள். குடியேறிய பிறகு இலங்கை உரிமத்தோடு 60 நாள்தான் ஓடலாம். பிறகு எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும், அந்தக் கடிதம் இருந்தால் இடையில் உள்ள காத்திருப்பு குறையும்.

நகை. தாலிக்கொடி, காப்பு, பிள்ளையின் சங்கிலி, அம்மம்மா தந்த பதக்கம் என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு பெறுமதி. இறங்கும்போதே சுங்கத்தில் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் கொண்டுவரப் போகிற சாமான்களையும் அதே நேரத்தில் பட்டியலில் போடலாம். 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் வரி ஒன்றும் இல்லை, மறைத்தால்தான் வில்லங்கம். மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும்கூட எழுதிவிடுங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்ராறியோவில் வகுப்பைத் தீர்மானிப்பது பிறந்த ஆண்டு. பள்ளி ஆண்டு செப்டெம்பரில் தொடங்கும், எங்களுடையது தையில். என் மகன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து, ஆறாம் வகுப்புக்குப் புது பாடசாலைச் சேர்ட்டு வாங்க இருந்த பெடியன். அங்கே போனதும் ஐந்தாம் வகுப்பின் நடுவில் கொண்டுபோய் இருத்தினார்கள். அம்மா தொலைபேசியில், "ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணின பிள்ளையைத் திரும்பவும் அஞ்சாம் வகுப்பிலையோ விட்டிருக்கினம்? நீ ஒண்டும் கதைக்கேல்லையோ?" என்று கொதித்தார். கதைத்துப் பயனில்லை, தேவையும் இல்லை. தன் வயதுப் பிள்ளைகளோடுதான் இருந்தான். கணக்கில் அவன் முன்னுக்கு நின்றதும், ஆங்கிலம் வரும்வரை அவனுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது. அவனுக்கு விளங்காதது வேறு. ராங்க் இல்லை, ரியூசன் இல்லை, பின்னேரம் முழுக்க வெறுமனே கிடந்தது. முதல் கிழமைகளில் அவனுடைய அழுகை பெரும்பாலும் அந்தப் பின்னேரங்களில்தான் வந்தது. பொது நூலகத்தில் இலவச அட்டை எடுத்து, தினமும் கூட்டிக்கொண்டு போன பிறகு ஓரளவு அடங்கினான். 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரிரிசி என்ற நகரப் போக்குவரத்தின் பஸ்ஸும் ரயிலும் இலவசம். பெரியவர்கள் பிரெஸ்டோ என்ற பயணக் கார்டால் ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஏறி இறங்கலாம்.

மகளின் கதை சிரிப்பு. கடவுச்சீட்டில் எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயர் முன்னால், அவளுடைய பெயர் பின்னால். ஆகவே டீச்சர் அவளை என் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. காது கேட்காத பிள்ளையோ என்று பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அனுமதிப் படிவத்தில் 'எப்படி அழைக்க வேண்டும்' என்று ஓர் இடம் இருக்கும், அதை நிரப்புங்கள். நான்கு பேருக்கும் நான்கு விதமாகக் குடும்பப் பெயர் இருப்பதை ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டியும் வரும். விவாகச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கையில் இருந்தால் கதை சுருங்கும்.

வெளியே குளிர் என்று பிள்ளைகளை உள்ளே வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். மிகக் கடுமையான நாள் தவிர இடைவேளைக்கு வெளியேதான் விடுவார்கள். பனிக் காற்சட்டையும் நீர் புகாத சப்பாத்தும் புத்தகத்துக்கு முன்னால் வாங்க வேண்டியவை. உள்ளே ஹீற்றர் காற்று உலர்ந்தது, மகனுக்கு மூக்கால் இரத்தம் வந்து நாங்கள் பதறினோம். அங்கே அது சாதாரணமாம்.

இனி வீடு. உறவுக்காரர் வீட்டில் முதல் கிழமை விருந்து. இரண்டாம் கிழமை எல்லோரும் மரியாதை. அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஹீற்றரின் சூடு ஒரு புள்ளி இறங்கும், மேலே கதவு கொஞ்சம் பலமாகச் சாத்தும். மச்சாள் தங்கமான மனிசி. ஆனாலும் அவர்களும் இரண்டு பேரும் வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள். எங்கள் பிள்ளைகள் விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பிப் பேஸ்மென்ட்டில் ஓடித்திரிந்தால் அவர்களால் தூங்க முடியாது. நான் மிளகாய் வறுத்தபோது புகை அலாரம் வீடு முழுக்கக் கத்தியது. குளியலறையில் இன்னும் மோசம். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு, தரையில் தண்ணீர் போக வழியே இல்லாத குளியலறை புரியாது. தொட்டிக்கு வெளியே விழும் தண்ணீர் கீழ்த்தட்டுக் கூரையால் ஒழுகும். பிள்ளைகளுக்கு இதைப் போன அன்றைக்கே பழக்குங்கள்.

ஆகவே இறங்கிய முதல் கிழமையிலேயே வீடு தேடத் தொடங்குங்கள். கடன் வரலாறு இல்லாதவர்களுக்கு வாடகை வீடு சும்மா கிடைக்காது. இங்கேதான் மாமாவைப் பயன்படுத்த வேண்டும். உத்தரவாதக் கையெழுத்துக்கு அவரை விட நல்ல ஆள் இல்லை, கேட்க வெட்கப்படாதீர்கள். வேலையை விட இதைத்தான் கேளுங்கள். வாடகை முற்பணமாக ஒன்ராறியோவில் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். முதல் மாதத்தோடு சேர்த்து இரண்டு மாதக் காசு. எங்களிடம் ஒரு வீட்டுக்காரர், அவரும் நம்மவர்தான், "உடைவுக்கு" என்று இன்னொரு மாதம் கேட்டார். அப்படிக் கேட்பது சட்டப்படி செல்லாது என்று சொன்னதும், "அப்ப வேற இடம் பாருங்கோ" என்றார். பார்த்தோம். மச்சாளுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த ஆள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைச் சோறோடு அது சரியாகிவிட்டது. வெளியேறிய பிறகுதான் அவரோடு நான் நன்றாகக் கதைக்கவே தொடங்கினேன்.

மனைவிக்கு ஒன்று. நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு அரசாங்கச் செலவில் லிங்க் என்ற ஆங்கில வகுப்பு இருக்கிறது. சில இடங்களில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் வைத்திருக்கிறார்கள். "எனக்கு ஆங்கிலம் தெரியும்தானே" என்று விட்டுவிட வேண்டாம். அங்கே கிடைப்பது உறவுக்கு வெளியே முதல் அறிமுகங்கள். ஸ்காபரோவில் தமிழிலேயே பால், பாண், வங்கி, வைத்தியர் எல்லாம் முடித்துவிடலாம். அந்த வசதியில் வருடக்கணக்காகச் சிக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு நேரத்தை நிர்ணயித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் பத்தரை மணித்தியாலம் முன்னால், கோடையில் ஒன்பதரை. அங்கே இரவு எட்டரை என்றால் தை மாதத்தில் இங்கே காலை ஏழு, அம்மா தேத்தண்ணி குடிக்கும் நேரம். அது எங்களுக்குப் பொருந்தியது. நேரம் சொல்லாவிட்டால் நள்ளிரவில் ஒவ்வொரு சித்தியாக அழைப்பார்கள்.

கடைசியாக, யாழ்ப்பாணத்துக் கடைகளில் 'கனடா ஜாக்கெற்' என்று விற்பதை வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள், அவை அந்தக் குளிருக்குப் போதாது. விமானத்துக்கு ஒரு ஸ்வெட்டரும் காலுறையும் போதும். உங்கள் அளவுகளை இப்போதே மாமாவுக்கு அனுப்புங்கள், வானில் வரும்போது ஜாக்கெற்றைக் கொண்டுவந்துவிடுவார். அந்த விஷயத்தில் அவர் சொல்வதைத் தாராளமாகக் கேட்கலாம்.