என்.டி. ஃபில்டர்: எத்தனை ஸ்டாப், எத்தனை நொடி?

கேள்வி: சார், கடலும் எடுக்கணும், அருவியும் எடுக்கணும். ஒரே ஒரு என்.டி. ஃபில்டருக்குத்தான் காசு இருக்கு. ஆறு ஸ்டாப்பா, பத்து ஸ்டாப்பா?

பதில்: ஆறு ஸ்டாப். என்.டி. என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். கடையில் என்.டி.64 என்று கேளுங்கள். வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும். ஷட்டர் 1/60 நொடி திறந்தால் போதும் என்கிற இடத்தில் இதை மாட்டினால் ஏறக்குறைய ஒரு நொடி திறக்க வேண்டும். குற்றாலத்துக்கு அரை நொடி, ஒரு நொடி தாராளம். தண்ணீர் இழை இழையாகத் தெரியும். பத்து நொடி வைத்தால் அதெல்லாம் கரைந்து வெறும் வெள்ளைப் பட்டைதான் மிஞ்சும். கன்னியாகுமரிப் பாறைகளில் அலை வழிந்து இறங்கும் கோடுகளுக்கும் ஒரு நொடி பொருத்தம். அலை மோதும்போது ஷட்டரைத் திறக்காதீர்கள். மோதி முடிந்து, நுரை பின்வாங்கத் தொடங்கும்போது திறங்கள். அந்தக் கோடுகள்தான் படத்துக்கு உயிர்.

கேள்வி: அப்போ பத்து ஸ்டாப் எதுக்குண்ணா?

பதில்: மேகம் இழுபட்டுத் தெரியணும், கடல் புகைபோல ஆகணும் என்றால் அதுதான், தம்பி. 1/30 நொடி 34 நொடியாகிவிடும். பெரும்பாலான கேமராக்களில் 30 நொடிக்கு மேல் போக பல்ப் மோடு, அதாவது நாம் விடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் அமைப்பு, வேண்டும். கூடவே ஒரு ரிமோட். ஒன்று மட்டும் மறக்காதே: இதை மாட்டிக்கொண்டு வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும். சூரியனுக்கான ஃபில்டர் வேறு.

கேள்வி: ஃபில்டர் போட்டதும் ஃபோகஸ் பிடிக்க மாட்டேங்குது.

பதில்: முதலில் ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். மாட்டும்போது ஃபோகஸ் வளையத்தில் கை படக் கூடாது.

கேள்வி: டிரைபாட்லதான் வச்சேன், சார். ஆனாலும் படம் கலங்கியிருக்கு.

பதில்: கடற்கரையா? அப்படியானால் மணல்தான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போக, டிரைபாட் மெல்ல இறங்கும். கால்களை அழுத்தி ஊன்றுங்கள். இரண்டு மூன்று அலை வந்து போகட்டும், அப்புறம் எடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வேரியபிள் என்.டி. வாங்கலாமா?

பதில்: திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் அது. வீடியோவுக்கு வாங்கலாம். அகன்ற கோண லென்ஸில் அதிகபட்சத்துக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோலக் கருப்பு விழும். நிலக்காட்சிக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நீண்ட எக்ஸ்போஷர்ல படத்துக்கு நடுவுல ஊதா நிறத்துல ஒரு தீற்றல் வருது. டி.எஸ்.எல்.ஆர். கேமரா.

பதில்: பெரும்பாலும் பின்னால் வியூஃபைண்டர் வழியாக வெளிச்சம் கசிவதுதான். கழுத்துப் பட்டையில் அதற்கான ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கருப்புத் துணியால் மூடுங்கள். படம் முழுக்க ஒரே நிறம் ஏறினால் அது ஃபில்டரின் வேலை. ரா (RAW) கோப்பாக எடுத்தால் ஒயிட் பேலன்ஸில் (நிறச் சமன்பாட்டில்) பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.