வாங்கும் முன் கேளுங்கள்: மெழுகுச் சொக்லேட்டும் பிசுபிசுத்த மெரிங்கும்

கேள்வி: வீட்டில் மெரிங் (முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, அவணில் உலர்த்தும் இனிப்பு) செய்து நடுவில் சொக்லேட் வைத்தேன். கேக் சாமான் கடையில் 'அசல் டார்க் சொக்லேட்' என்று வெட்டி நிறுத்துத் தந்தார்கள். வாயில் கரையவேயில்லை, அண்ணத்தில் மெழுகாய் ஒட்டுகிறது. என் கைப்பிழையா? (உப்புவெளி வாசகி)

பதில்: உங்கள் கையில் பிழையில்லை, தங்கச்சி. உங்களுக்கு விற்றது கொம்பவுண்ட். அசல் சொக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸ் அளவில் உருகும், அதனால்தான் நாக்கில் பட்டதும் கரைகிறது. அதற்குப் பதில் செம்பனை விதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைப் போட்டுச் செய்வது கொம்பவுண்ட். விலை குறைவு, நம்மூர் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும், மேலே பூச நல்லது. கொம்பவுண்ட் என்று சொல்லியே விற்றால் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பெட்டியை உடைத்து, வெறும் பொலித்தீன் பையில் கட்டி, லேபலை மட்டும் குப்பையில் போடுகிறார்களே, அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. சேர்மானமும் தெரியாது, காலாவதித் திகதியும் தெரியாது. கடைக்காரரின் வாய்தான் லேபல்! கேட்டால் 'எல்லாரும் இதைத்தானே வாங்கினம்' என்பார். பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். சேர்மானங்களை நிறை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிடுவார்கள். கொக்கோ வெண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் தாவரக் கொழுப்பு நின்றால் கையை எடுத்துவிடுங்கள். பில்லும் கேளுங்கள். கேட்டால் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டமே சொல்கிறது. இனிமேல் நல்ல சொக்லேட் 200 கிராமுக்குச் சூடான கிரீம் 100 மில்லிலீற்றர் விட்டுக் கலக்கி, இறுகியதும் வையுங்கள்.

கேள்வி: ஐசிங் சீனிப் பெட்டியில் சோளமாவும் இருப்பதாகப் போட்டிருக்கிறது. கலப்படமா? (மூதூர்)

பதில்: இல்லை. கட்டிபடாமல் இருக்கச் சேர்ப்பது.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு முழுக்காசையும் வங்கியில் போட்டு 60 மெரிங் ஓடர் கொடுத்தேன். வந்தபோதே எல்லாம் பிசுபிசுத்துப் பெட்டியில் ஒட்டியிருந்தன. 'மழைக்காலம், நான் என்ன செய்ய' என்கிறார் செய்தவர். (கிண்ணியா)

பதில்: மார்கழியில் திருகோணமலைக்கு மழை வருவது அவருக்குப் புதினமா? சீனி காற்றின் ஈரத்தை இழுக்கும். அதற்காகத்தான் 90 முதல் 100 பாகையில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் உலர்த்தி, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, கொடுக்கும் நேரத்தில் மட்டும் சொக்லேட் வைப்பது. அதற்கு வசதியில்லாதவர் காசை வாங்கியிருக்கக் கூடாது. பிள்ளையின் முகத்தை நினைக்கவே எனக்கு மனம் கேட்கவில்லை. வங்கிச் சீட்டு, படங்கள், குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். முதலில் எழுத்தில் காசைத் திருப்பிக் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் போகவேண்டும்.

கேள்வி: அவணை 100இல் வைத்தும் மெரிங் பழுப்பாகிறது. புதிது வாங்கவா? (உவர்மலை)

பதில்: வேண்டாம். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், அவண் விலையோடு பார்த்தால் அது சில்லறை. கழிவு விலை என்று நான் தூக்கி வந்த அவண் 100 காட்டும்போது உள்ளே 140. அதில் இப்போது பாண் வாட்டுகிறோம்.

கேள்வி: முட்டை வெள்ளைக்கருவின் நுரை தளராமல் இருக்கப் போடும் புளிப்புத் தூள், க்ரீம் ஒஃப் டாட்டார், இங்கே கிடைக்கவில்லை. ஒன்லைனில் எடுக்கவா? (தம்பலகாமம்)

பதில்: தேசிக்காய் எடுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த, முட்டை அடிக்கும் பாவித்த மின் பீட்டர், நல்ல மலிவு. வீட்டில் செருகியதும் புகை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (நிலாவெளி)

பதில்: ஜப்பானில் 100 வோல்ட், நம் சுவரில் 230. பீட்டரின் அடியிலேயே அச்சிட்டிருக்கும், திருப்பிப் பார்த்தீர்களா? ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும் என்று சொல்லாமல் விற்றிருந்தால் கடைக்காரரும் குற்றவாளிதான். ஆனால் அவர் சொன்னாரா இல்லையா என்று கடிதத்தில் நீங்கள் மூச்சே விடவில்லை. அதை எழுதுங்கள், பிறகு கதைப்போம்.