டேப்லெட்டில் 62 மார்க்: கீமோ நர்ஸின் பதிவு போய்விடுமா?

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீமோ வார்டில் 19 வருடமாக நர்ஸ். இந்த வருடம் எங்கள் திறமையை டேப்லெட் கணினியில் சோதித்தார்கள். 80 வேண்டுமாம், எனக்கு 62. என் பதிவு போய்விடுமா? ஒருவர் 1,800 ராண்ட் கொடுத்தால் நர்ஸிங் கவுன்சில் ஒப்புக்கொள்ளும் ஆன்லைன் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பதிவு போகாது. சான்றிதழ் வாங்காதீர்கள்.

உங்கள் பதிவு 2005ஆம் ஆண்டு நர்ஸிங் சட்டப்படி தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சிலிடம் இருக்கிறது. டேப்லெட் மார்க் உங்கள் மருத்துவமனையின் கணக்கு. குறைந்தால் மறுபயிற்சி தரலாம், அதுவரை கீமோ ஏற்றவிடாமல் வைக்கலாம்; அது நியாயம்தான். டிசம்பர் 31க்குள் ஆண்டுக் கட்டணம் கட்டிவிட்டீர்களா? 62-ஐவிட அதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

அப்புறம் அந்த 1,800 ராண்ட் ஆள். நான் பயிற்சி கொடுத்த காலம் முழுக்க இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். லோகோ அச்சு அசலாக இருக்கும், முத்திரை இன்னும் அழகாக இருக்கும். அடுத்து ஐடி எண் கேட்பார், கவுன்சில் கணக்கின் பாஸ்வேர்டும் கேட்பார். என்னிடம் படித்த ஒரு பெண் கொடுத்துவிட்டு, தன் கணக்கிலேயே நுழைய முடியாமல் மாதக்கணக்கில் அலைந்தாள். கவுன்சிலின் ஆன்லைன் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அதில் உங்கள் பெயர் இருக்கிறது. இவர் எதைத்தான் விற்கிறார்?

சரி, அந்த 62 எதை அளந்தது? சிவப்பு மருந்தை, அதாவது டாக்ஸோரூபிசினை, ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நோயாளி "எரியுதும்மா" என்கிறார். கை தெரிந்த நர்ஸ் உடனே மருந்தை நிறுத்துவார். ஆனால் ஊசியைப் பிடுங்கமாட்டார். இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்த மருந்தை, அதே ஊசி வழியாக முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கழற்றுவார். பிறகு குளிர் ஒத்தடம். கசிந்தது வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தாக இருந்தால் மிதமான சூட்டு ஒத்தடம். திரை இதை நான்கு விடைகளாக்கிக் கேட்கிறது. 12 மணி நேர இரவு வேலை முடிந்து, வைஃபை அறுந்து அறுந்து வர, ஒரு பட்டனைத் தவறாகத் தொட்டால் மார்க் போச்சு. உங்கள் கையை யாரும் பார்க்கவில்லை.

பொம்மைக் கையில் நீங்கள் செய்யச் செய்ய, எதிரே ஒருவர் நின்று டேப்லெட்டில் படிப்படியாகக் குறிக்கும் மதிப்பீடு உண்டு. அதைக் கேளுங்கள். டேப்லெட் இல்லாத காலத்திலேயே, 1975இல், மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இந்த முறையை எழுதிவிட்டார். 50 வருடம் கழித்தும் நம் நிர்வாகங்களுக்கு வினாடி வினாதான் பிடிக்கிறது, அதற்கு ஆள் தேவையில்லையே! 2017இல் நம் டர்பன் அடிங்டன் மருத்துவமனையில் புற்றுநோய் நோயாளிகள் பட்ட பாட்டுக்குக் கருவியும் ஆளும் பற்றாததுதான் காரணம் என்று மனித உரிமை ஆணையமே சொன்னது. அதற்குப் பிறகும் நர்ஸுக்கு மார்க் போடுவதில்தான் அவசரம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் டேப்லெட் உங்களைக் கடிக்கும். அதே ஆப்பில் 'நானே செய்திருக்கிறேன்' என்று நீங்களே டிக் செய்யும் பக்கம் இருக்கும். மருந்து ஏற்ற மார்பில் தோலுக்கடியில் வைத்த போர்ட்டில் ஊசி குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள், குத்தியிருக்கமாட்டீர்கள். எல்லாரும் டிக் போடுகிறார்களே என்று நீங்களும் போட்டுவிடுவீர்கள். தேதி, நேரம், உங்கள் லாகின் எல்லாம் அதில் பதிந்துவிடும். நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் விசாரணையில் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். அப்போது வருவது ஒழுங்கு நடவடிக்கை; அது கவுன்சில் வரைக்கும் போகும். 62 வாங்கினால் போகாத பதிவு, பொய் டிக்கால் போகலாம். உங்கள் லாகினில் வேறொருவர் டிக் போட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஏற்கெனவே அப்படிப் போட்டிருந்தால் இன்றே சிஸ்டர் இன்சார்ஜிடம் சொல்லித் திருத்துங்கள்.

எந்தக் கேள்விகள் தப்பு என்று எழுத்தில் கேளுங்கள். உங்களைப் பற்றிய விவரத்தைப் பார்க்க, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. பட்டியலில் மருந்தளவுக் கணக்கு இருந்தால் அதை மட்டும் உட்கார்ந்து படியுங்கள், அதில் திரை சொல்வது சரியாகத்தான் இருக்கும்.