வெளியேறும் வாசலில் அலாரம் அடித்தால் உடம்புக்குள் கதிரியக்கம் போய்விட்டதா?

அணு மின் நிலையத்தில் வேலை செய்யும் தம்பி வெளியே வரும்போது அலாரம் அடித்ததாம், பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலாரம் அடித்தது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

காலிமுகத்திடலில் நின்றால் வெயில் உங்களோடு வெள்ளவத்தைக்கு வராது, காலில் ஒட்டிய மணல் வரும். கதிர்வீச்சு அந்த வெயில் மாதிரி, மாசு என்பது, அதாவது ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருள், அந்த மணல் மாதிரி; வாசல் அலாரம் தேடுவது இதைத்தான். அந்த மணல் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி: உடுப்பிலா, தோலிலா, மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போய்விட்டதா? உடுப்பு என்றால் கழற்றினால் பெரும்பாலும் முடிந்தது. தோல் என்றால் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போட்டு மெதுவாகக் கழுவி மறுபடி அளப்பார்கள், உரசித் தேய்க்கக் கூடாது, தோல் உரிந்தால் உள்ளே போக வழி கிடைத்துவிடும். முகத்தில், மூக்கருகில் இருந்தால் கதை வேறு, உள்ளே போயிருக்கலாம் என்பதால் உடம்புக்குள் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் முழு உடல் அளவீட்டுக்கு அனுப்புவார்கள்.

அப்புறம் பரப்பு. கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைத் துகள் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால் அந்தச் சிறு புள்ளிக்கு மட்டும் அதிக டோஸ் (கதிர்வீச்சு அளவு), அதைத் தனியாகக் கணக்கிடுவார்கள். ஊழியரின் தோலுக்கான ஆண்டு வரம்பு 500 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு).

சில நேரம் நிலையத்துக்கே சம்பந்தம் இருக்காது. 1984இல் அமெரிக்காவின் லிமெரிக் நிலையத்தில் ஒரு ஊழியருக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது, தேடிப் பார்த்தால் காரணம் அவர் வீட்டு ரேடான், நிலத்திலிருந்து இயற்கையாகக் கசியும் கதிரியக்க வாயு! பொலியெஸ்டர் உடுப்பில் ரேடானின் சிதைவுப் பொருட்கள் நிலைமின்னால் ஒட்டும், கொஞ்ச நேரம் வைத்து மறுபடி அளந்தால் எண்ணிக்கை விறுவிறுவென்று இறங்கும். சரி, தம்பியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எந்த இடத்தில் காட்டியது, மறுஅளவில் எவ்வளவு?